கைமாறிய பொருளின் வரலாறு

நம் கடலூர்ப் பக்கத்தில் ஒருவர் காணி நிலம் வாங்க விரும்பினால் முதலில் அவர் செய்வது யாது? விற்பவர் கூறும் இனிய சொற்களைக் கேட்டவுடன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவாரோ? கொடார். மூலபத்திரம் எங்கே என்று கேட்பார், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்ப்பார், நிலத்திற்கு நேரிற்சென்று எல்லைக்கல்லைக் காண்பார், அண்டை நிலத்தாரை அழைத்து, "இதனை உழுதுவந்தவர் யார்?" என்று வினவுவார். நிலத்தின் பொருட்டு இத்துணை எச்சரிக்கை காட்டும் மக்கள், இடம் விட்டு இடம் பெயரும் பொருள்களை வாங்குங்கால் அதனிற் பாதியும் காட்டுவதில்லை. பழைய மோட்டார் வண்டியாயினும், பழைய விக்கிரகமாயினும், "இது ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து வந்தது" என்னும் ஒரு சொல்லே போதுமென்று அமைந்துவிடுகின்றனர். அச்சொல்லை எவ்வாறு ஆராய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு பொருளின் உரிமை வரலாறாவது, அப்பொருள் செய்யப்பட்ட நாள் தொடங்கி இன்றளவும் எவரெவர் கையில், எந்த ஆண்டில், எம்முறையில் இருந்தது என்பதனை இடைவெளியின்றித் தொடுத்துக் காட்டுவதாம். கிரயம், தானம், வாரிசு என உரிமை மாறும் முறைகள் பல. எம்முறையால் மாறினும் அதனை நாட்டுதற்குச் சான்றுகள் மூன்று வேண்டும். பொருளின் உடலிலேயே பதிந்துள்ள அடையாளம் ஒன்று. உரிமை மாறியதைக் கூறும் எழுத்து ஒன்று. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தொடர்பில்லாத வேற்றார் சாட்சி ஒன்று. மேற்கூறிய நிலத்திற்கு எல்லைக்கல்லும், பத்திரமும், அண்டை நிலத்தாரும் எவ்வாறோ, இவை பொருளுக்கு அவ்வாறாகும்.

முதலில் மோட்டார் வண்டியை எடுத்துக்கொள்வோம். இதற்கு உடலடையாளம் எளிதிற் கிடைப்பது. சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தில் ஓர் எண்ணும், எஞ்சினில் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். முற்காலத்தில் உயர்ந்த வண்டிகளைச் செய்த தொழிற்சாலையார் பலர் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் மட்டுமே செய்து விற்றனர். மேற்கூட்டினை வாங்குபவர் விருப்பப்படி வேறொரு கூடு கட்டுவோர் அமைத்துக் கொடுத்தனர். ஆகவே ஓர் அடிச்சட்டம் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று கூடுகளைத் தாங்கியிருத்தலும் உண்டு. எஞ்சின் மாற்றப்பட்டிருத்தலும் உண்டு. வண்ணத்தையும் வடிவத்தையும் கண்டு, "இஃது இன்ன மகாராஜாவின் வண்டி" என்று துணிபவன் ஏமாறுவான். அடிச்சட்டத்தின் எண்ணே வேர். ஏனைய எல்லாம் கிளைகள்.

அவ்வெண்ணைக் கொண்டு எழுத்துச் சான்றினைத் தேடவேண்டும். ரோல்ஸ் ராய்ஸ் போன்ற தொழிற்சாலைகள் ஒவ்வொரு அடிச்சட்டமும் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைக் குறித்து வைத்தன. அக்குறிப்புகள் இன்றும் இங்கிலாந்தில் பேணப்படுகின்றன. நம் நாட்டில் 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளின் மோட்டார் வாகனச் சட்டங்கள் வண்டிகளைப் பதிவு செய்யும் முறையை வகுத்தன. பதிவெண்ணும் சிற்சில வேளைகளில் வரலாறு கூறும். சென்னை நகரில் எம்.சி. 1 என்னும் எண்ணைப் பெற்றது, துறைமுகத் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பாரின் வண்டி என்பர். ஆயினும் ஒரு மாகாணத்தினின்று மற்றொன்றிற்குச் சென்ற வண்டி புதிய எண் பெறுவதால், பதிவெண் மாறும் இயல்பினது. அடிச்சட்ட எண்ணோடு சேர்த்தே அதனைப் படித்தல் வேண்டும். 2021-ஆம் ஆண்டில் இந்திய அரசு ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்கெனத் தனி விதி செய்து, "வி.ஏ." என்னும் எழுத்துக்களோடு கூடிய பதிவு முறையை ஏற்படுத்தியது. முன்னரே பதிவு பெற்ற வண்டிகள் தம் பழைய எண்ணை வைத்துக்கொள்ளவும் அவ்விதி இடந்தருகின்றது. பழைய எண் அழியாதிருத்தல், ஆராய்ச்சியாளர்க்கு ஒரு நூலிழை அறாதிருத்தல் போன்றதாம்.

இனி வேற்றார் சாட்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு. கல்கத்தாவில் வாழ்ந்த மாத்தியூசன் என்னும் செல்வர் அன்னப்பறவை வடிவில் ஒரு மோட்டார் வண்டி வேண்டுமென்று இங்கிலாந்தில் லோஸ்டாப்ட் நகரத்துப் புரூக் கம்பெனியாரைக் கொண்டு செய்வித்தார். 1910-ஐ ஒட்டி அது கல்கத்தாத் தெருவில் வந்தபோது மக்கள் திரண்டு பெருங்குழப்பம் விளையவே, அதனை வீதியில் ஓட்டலாகாது என அதிகாரிகள் தடுத்தனர். பின்னர் அதனை நாபா மகாராஜா வாங்கினார். பல்லாண்டு அங்கே கிடந்தபின் கடல் கடந்து, இன்று ஆலந்து நாட்டு லூமன் பொருட்காட்சிசாலையில் உள்ளது. இவ்வண்டியின் வரலாற்றை ஐயுறுவார் இலர். ஏனெனில் அதனைக் கண்டோர் ஓர் ஊர் முழுவதும். அவர்கள் வண்டியை விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர்.

எண் பொறிக்கப்பட்ட பொருளுக்கு இவ்வளவு வழியுண்டு. எண்ணே இல்லாத பொருளுக்கு என் செய்வது? எழுத்துச் சான்று ஒன்றே கையிலிருக்க, அவ்வெழுத்தும் பொய்யாயின் என் செய்வது? இவ்வினாக்களுக்கு விடை காணத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. நம் மாவட்டத்து விருத்தாசலமே விடை கூறும்.

திருமுதுகுன்றம் எனப் பழைய நாளில் வழங்கிய விருத்தாசலத்தில், மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் உள்ளது. விருத்தகிரீசுவரர் கோயில் என்பதும் இதுவே. சோழப் பேரரசியார் செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்த கோயில்களுள் இஃதும் ஒன்று. இக்கோயிலின் புறச்சுவர் மாடத்தில், வலப்பாகம் சிவனும் இடப்பாகம் உமையுமாக அமைந்த அர்த்தநாரீசுவரர் கற்சிற்பம் ஒன்று இருந்தது. 2004-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்திலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அதனை மூன்று இலட்சம் டாலருக்கு மேற்பட்ட விலை கொடுத்து வாங்கிற்று. விற்றவர் நியூயார்க்கில் பழம்பொருட் கடை நடத்திய சுபாஷ் கபூர் என்பவர்.

கலைக்கூடத்தார் பத்திரம் பாராமல் வாங்கினார் அல்லர். அச்சிற்பம் 1970-ஆம் ஆண்டில் தில்லியில் ஒரு கடையில் தனியார் ஒருவரால் வாங்கப்பட்டது என்று ஒரு ரசீதும், அதனை உறுதி செய்யும் ஒரு கடிதமும் அவர்களிடம் கொடுக்கப்பட்டன. பார்வைக்குச் சங்கிலி முழுமையானது: கடை, தனியார் சேகரிப்பு, வணிகர், கலைக்கூடம். ஆனால் நாம் கூறிய மூன்று சான்றுகளில் இங்கே இருந்தது ஒன்றே. எழுத்து இருந்தது, அவ்வெழுத்தைக் கொடுத்தவரும் விற்றவரே. அண்டை நிலத்தாரை ஒருவரும் அழைத்துக் கேட்கவில்லை.

அண்டை நிலத்தாரோ புதுச்சேரியில் இருந்தனர். அங்குள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் நெடுங்காலமாகத் தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று புகைப்படம் எடுத்து, ஒழுங்குபடுத்தி வைத்துள்ளனர். விருத்தாசலத்தில் 1974-ஆம் ஆண்டில் எடுத்த படத்தில் அவ்வர்த்தநாரீசுவரர் தம் மாடத்திலேயே விளங்கினார். சிட்னியிலுள்ள சிற்பத்தையும் இப்படத்தையும் அறிஞரும் ஆர்வலரும் 2013-இல் ஒப்பிட்டு நோக்கி, இரண்டும் ஒன்றே எனக் கண்டனர். 1970-இல் தில்லிக் கடையில் விலைபோன சிற்பம் 1974-இல் விருத்தாசலத்துக் கோயிற் சுவரில் நிற்றல் எங்ஙனம் கூடும்? ஒரு புகைப்படம் அந்த ரசீதைப் பொய்யென்று காட்டிவிட்டது.

பொய் ரசீது எழுதுவோர் 1970 என்னும் ஆண்டினை ஏன் விரும்பினர் என்பதும் கற்கத்தக்கது. களவாடிய கலைப்பொருள்களின் வாணிகத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை ஏற்பட்டது 1970-இல். அவ்வாண்டை எல்லையாக வைத்தே பல பொருட்காட்சிசாலைகள் பொருள்களை ஆராய்கின்றன. நம் நாட்டுத் தொல்பொருட் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு, 1976-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பொருள் அக்காலத்திற்கு முன்னரே கைமாறியது என்று காட்டினால் கேள்வி குறையும் என்பது அவர் எண்ணம். உண்மையில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் அனுமதியின்றித் தொல்பொருளை ஏற்றுமதி செய்தல் குற்றமே. எழுத்தில் ஒரு தேதி யாருக்கேனும் அளவுக்கு மீறி வசதியாக அமைந்திருப்பின், அங்கேதான் ஆராய்ச்சி தொடங்கவேண்டும்.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து 2006-இல் களவுபோன நடராசர் செப்புத்திருமேனியின் கதையும் இத்தகையதே. அதனை அதே வணிகரிடமிருந்து 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. ஆடவல்லானின் திருநடனத்திற்கே பெயர்பெற்ற சிதம்பரத்தின் அண்மையில் வாழும் நமக்கு இச்செய்தி தரும் வருத்தம் சொல்லவேண்டுவதில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் தில்லிக்கு வந்து, நடராசரையும் அர்த்தநாரீசுவரரையும் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒப்படைத்தார். வணிகர் கபூர் 2011-இல் ஜெர்மனியில் கைதாகி, 2012-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் கோயிற் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

விலை கொடுத்து, ரசீதும் பெற்று, பல்லாண்டு வைத்திருந்தவர் ஏன் திருப்பித் தரவேண்டும் என்று சிலர் வினவுவர். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் இதற்கு விடை கூறும்: விற்பவனுக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்குபவனுக்கு வாராது. கள்வனிடமிருந்து பத்துப்பேர் கைமாறினும், முதற்கண்ணி அற்றிருப்பின் சங்கிலி நில்லாது. அயல்நாட்டு நீதிமன்றமும் நம் கோயிலின் உரிமையை ஏற்றதுண்டு. தஞ்சைப் பகுதிப் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசரை 1982-இல் ஒரு கனடா நாட்டுக் கம்பெனி இலண்டனில் வாங்கியது. வழக்கு நடந்து, அக்கோயிலே உரிமை கோரலாம் என்று இலண்டன் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 1991-இல் அத்திருமேனி தாயகம் திரும்பியது.

இவற்றால் நாம் பெறும் பாடம் யாது? விருத்தாசலத்தில் படம் எடுத்தவர்கள் கள்வரைப் பிடிக்கும் நோக்கத்தோடு எடுத்தாரல்லர். கற்கும் பொருட்டே எடுத்தனர். கற்பதற்காகச் செய்த பணி நாற்பதாண்டு கழித்துச் சாட்சியாகி நின்றது. கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் இத்தகைய சாட்சியாதல் கூடும். தம் ஊர்க் கோயிலிலோ, பழைய வீட்டிலோ உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்க. உரியவர் இசைவு பெற்று, முன்னும் பின்னும் பக்கங்களும் விளங்கப் படமெடுக்க. உயரத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுக. மூக்கு சிதைந்ததோ, விரல் ஒடிந்ததோ, பீடத்தில் வெடிப்போ இருப்பின் அதனைத் தவறாது குறிக்க. எண்ணில்லாப் பொருளுக்கு அதன் பழுதே எண்ணாகும். மோட்டார் வண்டியாயின் அடிச்சட்ட எண்ணையும், எஞ்சின் எண்ணையும், பதிவுப் புத்தகத்தில் உள்ள உரிமையாளர் வரிசையையும் பெயர்த்தெழுதுக. நாளும் இடமும் எழுதிக் கையொப்பமிடுக. பழைய ஏடுகளில் கடலூர் மாவட்டத்தைத் தேடுவோர், 1993-க்கு முன் அது தென்னார்க்காடு என்னும் பெயருள் அடங்கியது என்பதனை நினைவிற் கொள்க. எழுதியதன் ஒரு படி உரியவரிடமும், மற்றொரு படி கல்லூரி நூலகத்திலும் இருத்தல் நலம். ஓரிடத்து அழிந்தால் மற்றோரிடத்து எஞ்சும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், ஒரு புகைப்படக் கருவியும், பொறுமையும் போதும். நம் முன்னோர் தானம் அளித்த நிலத்தின் நான்கெல்லையையும் கல்லிலே வெட்டிவைத்தது, பின்வருவோர் மறவாதிருத்தற்கும், மாற்றார் கவராதிருத்தற்கும் அன்றோ? அவர் கல்லில் வெட்டினர். நாம் தாளிலேனும் எழுதுவோமாக.