ஐப்பசி மழையில் சைக்கிள் பயணமா? வீட்டுச் சாமான்களே போதும்!

மதுரையில் சைக்கிளை எடுத்து, திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியா தென்காசி, குற்றாலம்னு கூட்டாளிகளோட கிளம்புற ஆசை நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்தாச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வந்ததும் மேற்கே மலை கூடவே வரும், அருமையான ரோடு. ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பினா மழையும் கூடவே வரும்! அதுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிச்சுச் சாமான் வாங்க வேண்டாம். அடுப்படியிலும் பரணிலும் கிடக்கிற சாமானும், வழியில் ரெண்டு வீட்டு நட்பும் இருந்தா சமாளிச்சுடலாம்.

1. பால் கவரின் மேல்பக்கத்தை நேரா வெட்டி, கழுவிக் காயவெச்சுச் சேர்த்து வையுங்க. செல்போன், ரூபாய் நோட்டு, ஆதார் நகல் எல்லாத்துக்கும் அதுதான் உறை. 2019 ஜனவரி 1 முதல் நம்ம மாநிலத்தில் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறதால, வழியில் கடைக்காரர்கிட்ட கவர் கேட்டு நிக்க முடியாது.

2. துணிமணியை ஒரே பையில் திணிக்காதீங்க. ஒரு நாளைக்கு ஒரு செட்னு உருட்டி, தனித்தனிக் கவரில் போட்டு ரப்பர் பேண்டு மாட்டினா, ஒரு கவர் கிழிஞ்சாலும் ஒரு செட்தான் நனையும். எல்லாத்துக்கும் வெளியே உரச்சாக்கின் உள்பை. வாடை போக ரெண்டு மூணு தண்ணி அலசிக் காயவெச்சதா இருக்கணும்.

3. டர்க்கி டவல் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா கல்லுக் கனம். ஈரிழைத் துண்டு ரெண்டு போதும், ஒரு ராத்திரி ஃபேன் காத்தில் காஞ்சுடும்.

4. சைக்கிள் சீட்டுக்கு ஒரு பெரிய கவர், இல்லேன்னா குளிக்கும்போது தலையில் மாட்டுற ஷவர் கேப். டீக்கடையில் நிறுத்தினதும் மாட்டிட்டுப் போங்க. திரும்பி வந்து ஈரச் சீட்டில் உட்கார்ற கொடுமை இருக்காது.

5. கியர் சைக்கிள் பலதுக்கு மட்கார்டு கிடையாது, முதுகெல்லாம் சேறுதான். ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை நீளவாக்கில் பிளந்து, சீட்டுக்கு அடியில் கட்டிவிட்டா காசில்லாத மட்கார்டு ரெடி. கட்டுறதுக்குக் கயிறு தேட வேண்டாம். பழைய டியூபை வளையம் வளையமா நறுக்கி வெச்சுக்கிட்டா பை கட்ட, லைட் கட்ட, இதைக் கட்ட எல்லாத்துக்கும் ஆகும்.

6. மட்கார்டு இல்லாத சைக்கிள்காரர் கூட்டத்தில் கடைசியா வரட்டும், இல்லேன்னா பின்னாடி வர்றவர் வாயெல்லாம் ரோட்டுத் தண்ணி. கடைசி சைக்கிளில் சிவப்பு லைட் கட்டாயம். பகலாக இருந்தாலும் எரியட்டும்.

7. காலையில் அஞ்சு மணிக்கே மிதிக்க ஆரம்பிச்சுடுங்க. ஐப்பசியில் இடிமின்னலோட வர்ற மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான், அதுக்குள்ள முக்கால் தூரம் கழிஞ்சிருக்கும். இடி கேட்டா புளியமரத்தடியில் ஒதுங்காதீங்க; பெட்ரோல் பங்க், டீக்கடை, கல்யாண மண்டபம்னு கூரையுள்ள இடமாப் பாருங்க.

8. கனமான ரெயின்கோட்டைப் போட்டு மிதிச்சா உள்ளே வேர்வையில் நனைவீங்க, வெளியே மழையில் நனைவீங்க! நம்ம ஊர் மழை குளிராது, நனைஞ்ச உடம்பில் படுற காத்துதான் குளிரும். சட்டைக்குள்ள நெஞ்சை ஒட்டி ஒரு செய்தித்தாளை மடிச்சு வைங்க. பிரான்ஸ் நாட்டு ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தய வீரர்களே மலை உச்சியில் வேடிக்கை பார்க்கிறவங்ககிட்ட பேப்பர் வாங்கி இப்படிச் சொருகிட்டுத்தான் இறங்குவாங்களாம்.

9. ஷூவுக்கும் அதே செய்தித்தாள்தான். தங்குற இடம் வந்ததும் உள்ளிருக்கிற அட்டையைத் தனியா உருவி, பேப்பரை ஒவ்வொரு பக்கமா கசக்கி நுனிவரைக்கும் திணிச்சு, ஒரு மணி நேரத்தில் எடுத்துட்டு வேற பேப்பர் வைங்க. அப்படி ரெண்டு தடவை மாத்தி, படுக்கும்போது மூணாவது வெச்சா காலையில் போடுற பதத்துக்கு வந்துடும். அவசரப்பட்டு அடுப்புப் பக்கத்தில் வெச்சீங்கன்னா ஒட்டின பசை விட்டு அடிப்பாகம் வாயைப் பிளந்துடும், புது ஷூ செலவு!

10. கிளம்பும் முன்னே பாதத்திலும் விரல் இடுக்கிலும் விளக்கெண்ணெய் தடவி சாக்ஸ் மாட்டுங்க, நாளெல்லாம் ஈரத்தில் ஊறினாலும் தோல் வெந்து போகாது. தொடை உரசுற இடத்துக்குத் தேங்காய் எண்ணெய்.

11. வழியில் வர்ற விருதுநகர் மாவட்டம்னாலே சீமைக் கருவேல முள், மழையில் அது ரோட்டுக்கே வந்துடும். டயர் ஈரமா இருந்தா முள்ளும் கண்ணாடிச் சில்லும் வழுக்கிட்டு உள்ளே போகும், பஞ்சர் அதிகம். நடுரோட்டில் நின்னு ஒட்டுப் போடாதீங்க, ஈர டியூபில் பசை பிடிக்காது. மாத்து டியூபைப் போட்டுட்டு, பழசை ராத்திரி கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒட்டிக்கலாம். புது டியூப் மாட்டும் முன்னே டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுத்து தடவிப் பாருங்க, முள் நுனி துணியில் மாட்டும். வெறும் விரலால் தடவினா விரலில் மாட்டும்!

12. பஞ்சர் நேரத்தில் நாலு பேரும் குனிஞ்சு வேடிக்கை பார்த்தா வேலை ஓடாது. ஒருத்தர் டயரைக் கழற்ற, ஒருத்தர் குடை பிடிக்க, ஒருத்தர் காத்தடிக்க, மிச்சமிருக்கிறவர் டீ வாங்கப் போகணும்.

13. ரிம்மில் பிடிக்கிற பிரேக்கா இருந்தா, மழையில் முதல் அழுத்து தண்ணியை வழிக்கத்தான் ஆகும், ரெண்டாவதுதான் பிடிக்கும். அதனால முன்கூட்டியே லேசா தொட்டுத் தொட்டுப் பிடிங்க. ரோட்டில் போட்டிருக்கிற வெள்ளைக் கோடு, தண்டவாளம் ரெண்டும் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். தண்டவாளத்தை நேர்க்குறுக்கே கடங்க, திரும்பிக்கிட்டே கடக்காதீங்க.

14. சாத்தூர் சேவு மழைக் காத்து பட்டா நமுத்துப் போகும். ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிஞ்சு டப்பாவுக்குள்ள போட்டு இறுக்கி மூடுங்க. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு அந்தக் கவலை கம்மி, தாள் சுத்தினதா வாங்கிட்டா சட்டைப் பையிலேயே வெச்சுக்கலாம்.

15. ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்திட்டுப் பால்கோவா வாங்காம யாரும் வரப் போறதில்லை. 2019-ல் புவிசார் குறியீடே வாங்கின பண்டமாச்சே! ஆனா அரைக் கிலோ ஒரே பெட்டியா வாங்காம நூறு நூறு கிராமா வாங்குங்க. ஈரக்கை பட்ட பால்கோவா சீக்கிரம் கெட்டுடும், ஆளுக்கொரு பொட்டலம்னா வீணாகாது. கூட ஒரு வாய் காரச் சேவு இருந்தா திகட்டாது.

16. சுக்கு, மல்லி, கருப்பட்டி தட்டிப் போட்டுக் காய்ச்சின காப்பி ஒரு பிளாஸ்க். நிறுத்தத்துக்கு நிறுத்தம் கடை டீ குடிக்கிற காசு மிச்சம்.

17. போன் நனைஞ்சா அரிசி டப்பாவில் புதைக்கிற பழக்கத்தை விடுங்க, தூசிதான் சார்ஜ் ஓட்டைக்குள்ள போகும். அணைச்சு, ஓட்டை கீழே பார்க்க ஃபேனுக்கு நேரா சாய்ச்சு வைங்க. நல்லாக் காயிற வரைக்கும் சார்ஜ் போடாதீங்க.

18. மலையில் மழைன்னா ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆறு, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கம் சைக்கிளைத் திருப்பவே வேண்டாம். ஊருக்குள்ள வெயில் அடிச்சாலும் அங்கே திடீர்னு வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்குவீங்க. வனத்துறை தடுத்தா வாதாடாம திரும்பிடுங்க.

19. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் தெரிஞ்ச வீடு இருந்தா, அதுக்கு முன்னே வர்ற கிருஷ்ணன்கோவில் தாண்டும்போதே போன் போட்டுச் சொல்லுங்க. வெந்நீர் போட, துணி காயக் கயிறு கட்ட, வாசலில் சாக்கு விரிக்க அவங்களுக்கும் நேரம் வேணும். ரொம்பத் தூத்தல்னா உங்க பையை மட்டும் ஒரு நண்பர் டூ-வீலரில் முன்னாடியே கொண்டுபோய்ச் சேர்த்துட்டா சைக்கிள் பாதிக் கனம். மிதிக்கவே முடியலைன்னா ‘குட்டி யானை’ங்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்னு பிடிச்சு வாடகையைப் பங்கு போட்டுக்கலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்னுமில்லை.

20. ஈரத் துணியைப் பிழிஞ்ச பிறகு காஞ்ச துண்டில் விரிச்சு, பாய் மாதிரி சுருட்டி, ரெண்டு பேர் ரெண்டு முனையில் முறுக்குங்க. மிச்ச ஈரம் துண்டுக்குப் போயிடும், ஃபேன் போட்டா விடியறதுக்குள்ள காயும்.

21. எவ்வளவு களைப்பா இருந்தாலும் செயினைத் துடைக்காம படுக்காதீங்க, ஒரே ராத்திரியில் துரு ஏறிடும். பேண்டேஜ் துணி நெய்யுற சத்திரப்பட்டிப் பக்கம் தெரிஞ்சவங்க இருந்தா அதில் கழிச்ச துண்டு கிடைக்கும், அதைவிட நல்ல துடைப்பான் இல்லை. துடைச்சதும் கண்ணிக்கு ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, கொஞ்சம் பொறுத்து மேலே வழியறதை மட்டும் துடைச்சுடுங்க. ஆயில் இல்லேன்னா தையல் மெஷின் எண்ணெய் ஒரு நாளைக்குத் தாங்கும், மறுநாள் மறுபடி விடணும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், பிசுபிசுத்து மண்ணையெல்லாம் இழுத்துக்கும்.

22. சீட்டுத் தண்டைக் கழற்றி சைக்கிளைத் தலைகீழாக் கொஞ்ச நேரம் வைங்க. உள்ளே இறங்கின தண்ணி ஒழுகிடும். கழற்றும் முன்னே உயரம் எவ்வளவுன்னு ஒரு டேப் ஒட்டிக்குங்க.

23. இது ரோட்டோரம் வீடு வெச்சிருக்கிற நம்மளுக்கு. நனைஞ்ச கூட்டம் ஒன்னு வாசலில் ஒதுங்கினா உட்காரச் சொல்றதோட நிறுத்தாம, திண்ணையில் சைக்கிள் சாய்க்க இடமும், எடைக்குப் போட வெச்சிருக்கிற பழைய பேப்பரில் ஒரு கட்டும் கொடுங்க தோழிகளே!