விளையாட்டும் படமும் காதலும் வீண்பொழுதா?



மாலை ஐந்து மணிக்கு வன்னியின் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், பாடசாலை வளவிலோ குளக்கட்டுக்குக் கீழேயோ இரண்டு கம்புகளுக்கிடையில் ஒரு வலை கட்டியிருப்பதைக் காணலாம். வாலிபர்கள் கரப்பந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். இராச்சாப்பாட்டுக்குப் பின் பல வீடுகளில் ஒரு படம் ஓடும். இவற்றுக்கிடையே எங்கோ ஒரு பையனும் ஒரு பெண்பிள்ளையும் ஒருவரையொருவர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சாதாரண மனிதனுடைய இன்பங்கள் பெரும்பாலும் இவைதாம்.

இவற்றைப்பற்றி நம்மூரில் இரண்டு முறைப்பாடுகள் உண்டு. முதலாவது பெரியவர்களுடையது: "வயலிலை புல்லுப் பிடுங்க ஆளில்லை, இவங்களுக்குப் பந்தடி கேக்குது." இரண்டாவது சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. அது துக்கம் சுமந்தவர்களுடைய மனதுக்குள் கிடக்கிறது: "இவ்வளவு சனத்தைப் பறிகுடுத்திட்டு எப்பிடிச் சிரிக்கிறது?" இந்தப் பாடத்தில் இவ்விரண்டையும் எடுத்துப் பார்ப்போம்.

1. மனத்துக்கும் இளைப்பாற்றி வேண்டும்

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரும் வேதசாஸ்திரியான புனித தோமஸ் அக்குவினார், விளையாட்டைப்பற்றித் தனியே ஆராய்ந்திருக்கிறார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உடல் உழைத்துக் களைத்தால் இளைப்பாறுவதுபோல, மனமும் உழைத்துக் களைக்கிறது, அதற்கு இளைப்பாற்றி களிப்புத்தான் என்பது அவர் காட்டும் நியாயம். புனித அருளப்பரைப்பற்றிய ஒரு பழங்கதையையும் அவர் எடுத்துச் சொல்கிறார். அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்ட சிலர் இடறல்பட்டார்களாம். அவர்களுள் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்பு எய்யும்படி அருளப்பர் அவனிடம் சொன்னார். பலமுறை எய்த பின், "இப்படியே நிறுத்தாமல் எய்துகொண்டிருப்பாயா?" என்று கேட்டார். "அப்படிச் செய்தால் வில் முறிந்துவிடும்" என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான் என்றார் அருளப்பர்.

அக்குவினார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தானும் களிக்காமல், மற்றவர் களிப்பையும் கெடுத்து, எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பதும் ஒரு குறைதான் என்பது அவர் தீர்ப்பு. ஆனால் களிப்புக்கு மூன்று வரம்புகளையும் வைக்கிறார். ஒன்று, அது அசிங்கமானதாகவோ பிறருக்குத் தீங்கு செய்வதாகவோ இருக்கக்கூடாது. இரண்டு, அதில் மனிதன் தன் நிதானத்தை முற்றாக இழந்துவிடக்கூடாது. மூன்று, ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் பொருத்தமாக இருக்கவேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2. விளையாட்டு

கரப்பந்தாட்டம் யாருக்காக உண்டாக்கப்பட்டது தெரியுமா? 1895ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஹொலியோக் நகரில், வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சி ஆசிரியராயிருந்த வில்லியம் மோர்கன் என்பவர் இதை அமைத்தார். கூடைப்பந்தாட்டத்தில் ஓடி விழுந்து விளையாட இயலாத நடுத்தர வயது ஆண்கள், வேலை முடிந்து வந்து அளவாக விளையாடுவதற்காகவே இது ஏற்பட்டது. எனவே பிறப்பிலேயே இது சாதாரண மனிதனின் விளையாட்டு. 1916இல் வை.எம்.சி.ஏ. மூலமாகவே இலங்கைக்கு வந்தது. 1991இல் இந்நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஒரு வலையும் ஒரு பந்தும் போதும் என்பதால் காட்டோரக் கிராமங்களிலும் வேரூன்றியது.

விளையாட்டு எதைக் கற்பிக்கிறது? விதிக்குக் கட்டுப்படவும், தோற்ற பின் எதிரணிக்குக் கைகொடுக்கவும் கற்பிக்கிறது. கொரிந்தியருக்கு எழுதும்போது புனித சின்னப்பர் ஓட்டப்பந்தய வீரனையும் அவனுடைய ஒறுத்தலையும் விசுவாச வாழ்வுக்கு உவமையாக எடுத்தது இதனாற்றான். ஆனால் பந்தயத்துக்குப் பணம் கட்டுவதும், ஆட்டம் முடிந்த கையோடு போத்தல் உடைப்பதும், கழகத்துக்குக் கழகம் பகை வளர்ப்பதும் விளையாட்டல்ல. அங்கே முதலாம் வரம்பும் இரண்டாம் வரம்பும் மீறப்பட்டுவிட்டன.

இன்னொரு கேள்வியும் உண்டு. மைதானத்தில் நிற்பவர்கள் யார்? பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். அந்த ஐந்து மணிக்கு அக்கா கிணற்றடியில் நிற்கிறாள், அம்மா அடுப்படியில் நிற்கிறாள். களிப்பு மனித மனத்துக்குத் தேவை என்றால், அது அவர்களுக்கும் தேவையல்லவா? 2023இல் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்ற அம்மையார், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேக நடையிலும் தங்கப்பதக்கம் பெற்றார். "இந்த வயதில் என்ன ஓட்டம்?" என்று கேட்கும் வாய்களுக்கு அது நல்ல பதில். மாலையில் அரைமணி நேரம் பாத்திரம் கழுவும் வேலையை மகன் எடுத்துக்கொண்டால், மகளும் வலைப்பந்து விளையாடப் போகலாம்.

3. படம்

கரப்பந்தாட்டம் பிறந்த அதே 1895இல், டிசம்பர் 28ஆம் நாள், பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குப் படம் காட்டினார்கள். திருச்சபை சினிமாவை ஆரம்பத்தில் அச்சத்தோடு பார்த்தது உண்மை. எனினும் 1936இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் சினிமாவைப்பற்றி எழுதிய சுற்றுமடலில், களைத்து உழைக்கும் மக்களுக்குப் பொழுதுபோக்கு இன்றியமையாதது, ஆனால் அது மனிதனுக்குத் தகுதியானதாக இருக்கவேண்டும் என்ற கருத்தையே கூறினார். 1963இல் 2ஆம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களுக்கென ஒரு சங்க ஏட்டையே வெளியிட்டது. சினிமா பிறந்து நூறாண்டு நிறைந்த 1995இல், சிறந்தவையென 45 படங்களின் பட்டியல் ஒன்று வத்திக்கானிலிருந்து வந்தது. அதில் சமயப் படங்கள் மட்டுமல்ல, சார்ளி சப்ளினின் 'மொடேர்ன் ரைம்ஸ்', வேலைக்குத் தேவையான துவிச்சக்கரவண்டியைத் திருட்டுக் கொடுத்த ஏழையின் கதையான 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'காந்தி' ஆகியவையும் இடம்பெற்றன.

வன்னியில் படம் பார்ப்பதற்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் இங்கே மின்சாரமே இருக்கவில்லை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலியில் பாட்டுக் கேட்ட தலைமுறை இது. எங்காவது ஒரு வீட்டில் ஜெனரேற்றர் வைத்துப் படம் போட்டால், அயலெல்லாம் பாயோடு வந்து முற்றத்தில் இருக்கும். சிரித்தாலும் அழுதாலும் எல்லோரும் சேர்ந்தே. இன்று மின்சாரமும் உண்டு, கைத்தொலைபேசியும் உண்டு. ஆனால் ஒரே வீட்டில் நான்குபேர் நான்கு மூலையில் நான்கு படம் பார்க்கிறார்கள். படம் கூடிவிட்டது, கூட இருந்து பார்ப்பது குறைந்துவிட்டது. வாரத்தில் ஒருநாளாவது குடும்பமாக இருந்து ஒரு படம் பாருங்கள். பார்த்த பின் அதைப்பற்றிக் கதையுங்கள்.

என்ன கதைப்பது? நம் படங்கள் பலவற்றில் ஒரு பெண் "வேண்டாம்" என்று சொன்ன பிறகும் கதாநாயகன் அவளைத் தெருத்தெருவாகத் துரத்துகிறான். கடைசியில் அவள் சம்மதிக்கிறாள். இதைப் பார்த்து வளரும் பையன், பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் பெண்பிள்ளையின் "வேண்டாம்" என்பதை "வேண்டும்" என்று எடுத்துக்கொள்கிறான். தகப்பன் அருகிலிருந்து, "தம்பி, உண்மையிலே இப்படிச் செய்தால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பயமாயிருக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டாற் போதும். படத்தைத் தடைசெய்வதைவிட அது பலன் தரும்.

நம்முடைய வாழ்க்கையைக் காட்டும் படங்களையும் தேடிப் பாருங்கள். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளியான 'வாடைக்காற்று' மீனவ மக்களின் வாழ்வையும் காதலையும் நம் நாட்டு மண்ணிலேயே காட்டியது.

4. காதல்

காதல் என்ற சொல்லைக் கேட்டாலே சில பெற்றோருக்கு முகம் கறுக்கும். ஆனால் வேதாகமத்தின் நடுவிலேயே உன்னத சங்கீதம் இருக்கிறது. ஒரு ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தேடி மகிழும் காதற்பாட்டு அது. பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர் 1979 முதல் 1984 வரை தமது புதன்கிழமைப் போதனைகளில் மனித உடலையும் அன்பையும்பற்றி விரிவாகப் படிப்பித்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் குடும்ப அன்பைப்பற்றி எழுதிய மடலில், ஆண் பெண் கவர்ச்சி குடும்பத்தின் நன்மைக்காகச் சகித்துக்கொள்ளவேண்டிய ஒரு தீமையல்ல, இறைவன் தந்த கொடை என்றே விளக்கினார்.

வன்னிக் காடும் காதலை அறியும். பாலமனோகரன் எழுதி 1973இல் வெளிவந்த 'நிலக்கிளி' நாவல் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. அதிலே கதிராமனும் பதஞ்சலியும் பணமோ படிப்போ உள்ளவர்களல்லர். காட்டையும் வயலையும் நம்பி வாழ்பவர்கள். அவர்களுடைய அன்பும் எழுதத் தகுந்தது என்று ஒரு எழுத்தாளர் கண்டார். காதல் பணக்காரரின் சொத்தல்ல என்பதற்கு அந்நாவல் சாட்சி.

ஆனால் காதலிக்கவே காலம் கிடைக்காத ஒரு தலைமுறையும் நம்மிடையே உண்டு. போரின் கடைசி ஆண்டுகளில், பிள்ளைகள் கட்டாயமாகப் போருக்குக் கொண்டுபோகப்படுவார்கள் என்ற பயத்தினால், பெற்றோர் பலர் அவசர அவசரமாகக் கலியாணம் செய்துவைத்தார்கள். சட்டப்படி 18 வயது நிறையவேண்டும் என்று 1995இல் திருத்தம் வந்திருந்தும், அன்றைய நிலைமையில் அதைப் பார்க்க முடியாதென்றே பலர் நினைத்தார்கள். அவர்களைக் குற்றஞ்சாட்டுவது நம் வேலையல்ல. அந்தத் தம்பதிகளுக்கு ஒன்று சொல்லலாம்: காதல் கலியாணத்துக்குப் பின்பும் தொடங்கலாம். இருவராக ஒரு மாலை நடந்துபோவதும், பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஒரு திருவிழாவுக்குப் போவதும் பாவமல்ல.

இனி இளைஞருக்கு: சீதனத்தைக் கணக்குப் பார்த்து வரும் அன்பும், சாதி கேட்டுப் பின்வாங்கும் அன்பும் அன்பல்ல. அதேபோல், பெண்ணின் படங்களைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு அவளை மிரட்டுவது காதலே அல்ல, அது குற்றம். பிறருக்குத் தீங்கு செய்யும் களிப்பு களிப்பல்ல என்ற முதல் வரம்பை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

5. துக்கத்தின் நடுவே களிக்கலாமா?

இப்போது அந்த இரண்டாவது முறைப்பாட்டுக்கு வருவோம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, வன்னியில் யாரையும் இழக்காத குடும்பம் அரிது. மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை மக்கள் கூடாரங்களிலும் கொட்டில்களிலும் இருந்தார்கள். ஊருக்குத் திரும்பியபின் முதல்முறையாகச் சிரித்தபோது, செத்தவர்களுக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்று உள்ளம் குறுகியவர்கள் அநேகர்.

அத்தகைய ஒரு தாய் இதை வாசிப்பாராகில், அவருக்குச் சொல்வது இது. லாசரின் கல்லறையண்டையில் அழுத அதே யேசுதான் கானாவூர்க் கலியாணவீட்டில் திராட்சை இரசம் குறைந்தபோது அதை நிறைத்துக் கொடுத்தார். ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. களிப்பதற்காக மறக்கவேண்டியதில்லை, நினைப்பதற்காகக் களிப்பை வெறுக்கவேண்டியதுமில்லை. நம் கழகங்கள் இதை ஏற்கனவே கண்டுபிடித்துவிட்டன. இறந்த நண்பனுடைய பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் வைத்துச் சுற்றுப்போட்டி நடத்துகிறார்களே, அங்கே நினைவும் விளையாட்டும் ஒரே மைதானத்தில் நிற்கின்றன. அதேவேளை, மூன்றாம் வரம்பை மறக்கவேண்டாம். அயல்வீட்டில் நினைவுநாள் விளக்கு எரியும் இரவில் ஒலிபெருக்கியைத் தாழ்த்துவது நம் கடமை.

துணையை இழந்தவர் மீண்டும் அன்புகொள்ளலாமா? இறந்த துணைக்குப்பின் மறுமணம் செய்யத் திருச்சபை முழுச் சுதந்திரம் தருகிறது. ஊர்வாய் அதைப் பறிக்க உரிமையற்றது. ஆனால் துணை காணாமற்போனவரின் நிலை கடினமானது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1707ஆம் சட்டம் இதைப்பற்றியது. இறப்புக்கு அத்தாட்சிப் பத்திரம் இல்லாவிடில், சாட்சிகளையும் அடையாளங்களையும் விசாரித்து, இறந்துவிட்டார் என்ற மனநிச்சயம் ஏற்பட்டால், ஆயர் அவ்வாறு அறிக்கையிடலாம். நீண்டகாலம் காணவில்லை என்பது மட்டும் போதாது. காத்திருப்பதே தம் அன்பு என்று இருப்பவரை வற்புறுத்தவேண்டாம். விசாரணை கேட்க விரும்புபவரை இகழவும் வேண்டாம். இருவருக்கும் பங்குத்தந்தையின் கதவு திறந்திருக்கவேண்டும்.

ஆகவே வாசகரே, பெரியவர்களின் முறைப்பாட்டுக்குப் பதில் எளிது: புல்லையும் பிடுங்கவேண்டும், பந்தும் அடிக்கவேண்டும். விடியக்காலையில் வயலுக்குப் போனவனுக்கு மாலைப் பந்தடி கூலியோடு சேர்ந்த கூலி. துக்கப்பட்டவர்களின் முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லால் வராது. அவரை ஆட்டம் பார்க்க அழைத்துக் கதிரை போட்டுப் பக்கத்தில் இருத்துவதே பதில்.

குடும்பத்திலும் இளைஞர் மன்றத்திலும் சிந்திக்க:

1. எங்கள் வீட்டில் ஓய்வே இல்லாதவர் யார்? அவருக்கு ஒரு மாலை நேரத்தை எப்படிக் கொடுக்கலாம்?

2. கடைசியாகப் பார்த்த படத்தில் பெண்கள் எப்படி நடத்தப்பட்டார்கள்? அதைப்பற்றி நாம் கதைத்தோமா?

3. எங்கள் விளையாட்டில் பணமும் மதுவும் எங்கே நுழைகின்றன?

4. எங்கள் ஊரில் துக்கத்தினால் ஒதுங்கியிருப்பவர் யார்? அடுத்த சுற்றுப்போட்டிக்கு அவரை அழைக்கப்போவது யார்?