செகண்ட் இயர் ஜாப்பனீஸுக்கு அக்காவின் டிப்ஸ்

முதல் வருஷ ஜாப்பனீஸை முடித்துவிட்டாய். ஹிரகானா, கதகானா கைக்கு வந்துவிட்டன. கடையில் விலை கேட்கவும், யாரிடமும் உன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் தெரியும். இனி வரும் இரண்டு செமஸ்டர்களில்தான் பலர் இந்தப் பாடத்தைக் கைவிடுகிறார்கள். 'கென்கி' இரண்டாம் புத்தகம் 13-ஆம் பாடத்தில் தொடங்கி 23-இல் முடியும். 'மின்னா நோ நிஹோங்கோ' என்றால் 26 முதல் 50 வரை. செயப்பாட்டுவினை, பிறவினை, மரியாதைப் பேச்சு என்று அத்தனை வினை வடிவங்களும் இந்தப் பக்கங்களுக்குள் வந்து குவியும்.

பயப்படாதே. தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே பெரிய சௌகரியம் ஒன்று இருக்கிறது. புத்தகம் இங்கிலீஷில் விளக்குவதால் நாமும் ஜாப்பனீஸ் வாக்கியத்தை மனசுக்குள் இங்கிலீஷாக்கி, அப்புறம்தான் புரிந்துகொள்ளப் பார்க்கிறோம். அந்தச் சுற்றுவழி வேண்டவே வேண்டாம். நேரே தமிழுக்கு வா.

தே-வடிவத்தையே எடுத்துக்கொள். நம் வினையெச்சம்தான் அது. 'தபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'கத்தே ஓகு' என்றால் வாங்கி வை. 'வசுரேதே ஷிமாவு' மறந்துவிடுவது, 'மொத்தே குரு' கொண்டு வருவது. பார், வை, விடு, வா என்று நாம் தினமும் ஒட்டவைத்துப் பேசுகிற அதே துணைவினைகள். இங்கிலீஷ் விளக்கத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி இருக்கும். உனக்கு ஒரு வரி போதும். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதையும் ஜாப்பனீஸில் அதே வரிசையில் சொல்லலாம்.

உருபுகளிலும் இப்படித்தான். நம் 'ஐ' வருகிற இடத்தில் பெரும்பாலும் அவர்களுடைய 'ஓ' வரும். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்கிறபோது நாம் காபியோடு 'ஐ' சேர்ப்பதில்லை அல்லவா? அவர்களும் அங்கே 'ஓ' போடாமல் 'கா' போடுவார்கள். 'ஜாப்பனீஸ் புரியும்' என்பதற்கும் அதே 'கா'தான். இங்கிலீஷ் வழியாக வருகிறவர்கள் தடுமாறுகிற இடம் இது. ஓடு–ஓட்டு, திருந்து–திருத்து மாதிரி தன்வினை, பிறவினை ஜோடிகள் அங்கே ஏராளம். ஜோடி ஜோடியாகவே மனப்பாடம் செய். கொடுப்பதற்கு 'அகேரு', 'குரேரு' என்று இரண்டு சொற்கள் வரும். என் பக்கம் வருவது 'குரேரு', என்னிடமிருந்து போவது 'அகேரு'. தொல்காப்பியம் 'தா'வையும் 'கொடு'வையும் இடம் பார்த்துப் பிரித்ததைப் பள்ளியில் படித்திருந்தால் இது சட்டென்று பிடிபடும். ஆனால் முன்னிலையில் கவனம்: நான் உனக்குக் கொடுத்தால் அது 'அகேரு'தான்.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்றே எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். அமைப்பு ஒத்துப்போகிறது, நமக்கு அது போதும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. 'தே இரு' என்பதை எப்போதும் 'கொண்டிரு' என்று எடுக்காதே. ஜன்னல் 'ஐதே இரு' என்றால் திறந்திருக்கிறது, திறந்துகொண்டிருக்கிறது அல்ல. 'வா'வுக்கும் 'கா'வுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தமிழில் குறுக்குவழியே இல்லை. 'யார் வந்தது?' என்று கேட்டால் பதிலில் 'கா' வரும் என்பதைப் பிடித்துக்கொண்டு, மீதியை நிறைய வாசித்துத்தான் பழக வேண்டும்.

உச்சரிப்பில் நம் எழுத்தே நமக்கு எதிரி. பல்கலைக்கழகத்துக்கும், படிப்பைப் பாதியில் விடுவதற்கும் ஜாப்பனீஸில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதிப் பார். இரண்டும் 'தைகாகு'தான். முதல் எழுத்தை 'தம்பி'யில் வருகிற மாதிரி வல்லினமாகச் சொன்னால் படிப்பை விட்டதாகிவிடும். 'பந்து'வில் வருகிற மாதிரி மென்மையாகச் சொன்னால்தான் பல்கலைக்கழகம். அதனால் நோட்டில் உச்சரிப்பைத் தமிழில் எழுதும் பழக்கத்தை இன்றே நிறுத்து, கானாவிலேயே எழுது. சொல்லின் நடுவில் வரும் க, த இரண்டையும் நம் நாக்கு தானாக மென்மையாக்கிவிடும், அதையும் கவனி. பாடப்புத்தகத்தின் ஆடியோவைப் போட்டு, அரை நொடி பின்னால் கூடவே பேசிக்கொண்டு போ. தினம் பத்து நிமிஷம் போதும், ஆனால் தினமும் செய்ய வேண்டும். குறில் நெடிலும் இரட்டை ஒற்றும் நமக்குப் பிறவியிலேயே வந்தவை, அவற்றில் உனக்குச் சிரமம் இருக்காது.

வினைச்சொற்களை 'மாஸ்' வடிவத்தில் வைத்திருந்தால், எல்லாவற்றையும் அகராதி வடிவத்துக்கு மாற்றி மறுபடி படி. புது வடிவங்கள் பலவும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. செமஸ்டர் தொடங்குமுன் இதைச் செய்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

கஞ்சியில் (சாப்பிடும் கஞ்சி இல்லை, எழுத்து) இந்தக் கட்டத்தில் முந்நூறு வரை வரும். ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்காதே. காத்திரு, பிடித்திரு, நேரம் என்ற மூன்றுக்கும் உரிய எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். வலது பாதி மூன்றிலும் ஒன்றே: கோயில் என்னும் எழுத்து. இடது பாதிதான் மாறுகிறது. கை இருந்தால் பிடித்திரு, சூரியன் இருந்தால் நேரம், நடையைக் குறிக்கும் கோடுகள் இருந்தால் காத்திரு. குழப்பும் எழுத்துகளை இப்படிக் கூட்டமாக வைத்துப் படித்தால் தேர்வில் கை தடுமாறாது. ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சொல்லோடு சேர்த்துப் படி, தனி உச்சரிப்புப் பட்டியல் வேண்டாம். வாசிக்க ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரோதோரி' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஜேஎல்பிடி எழுதுவதென்றால் என்4. ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறுகளில் நடக்கும். சென்னையிலும் மையம் உண்டு. 180-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் மட்டும் 60-க்கு 19-க்குக் கீழே போனால், மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். அந்தத் தேர்வில் பேச்சு கிடையாது. பேச்சுக்கு உனக்கு இருக்கிற இடம் வகுப்புதான், அதை வீணாக்காதே. சென்செயியின் அறைக்கு வாரம் ஒருமுறை போய், அந்த வாரம் படித்த இலக்கணத்தை வைத்து உன் வாழ்க்கையைப் பற்றி ஐந்து வாக்கியமாவது பேசு. புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு வராதே. 'மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமாஸ்' என்று கேள், அவர் இன்னொரு முறை சொல்வார்.