மலை இறங்கும் சைக்கிள்

பத்மாராவ் நகர், செகந்திராபாத்

சிரஞ்சீவி மருமானுக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

ஹைதராபாத்திலிருந்து சைக்கிளில் மலைக்குப் போக நினைப்பவருக்கு இரண்டு திசைகள் உண்டு. மேற்கே விகாராபாத்தை ஒட்டிய அனந்தகிரி. தெற்கே நல்லமலைக் காட்டைக் கடந்தால் ஸ்ரீசைலம். முதலாவது சுமார் 80 கிலோமீட்டர். இரண்டாவது ஏறக்குறைய 215. இரண்டுமே நல்ல வழிகள். எது தகும் என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

அனந்தகிரி உயர்ந்த மலை அல்ல. தக்காண பீடபூமியில், செம்மண் மேட்டில், காடு மூடிய குன்றுகள். மூசி நதி பிறப்பது இங்கேதான். அனந்த பத்மநாப சுவாமி கோயிலும், காட்டுக்குள் வளைந்து செல்லும் நிழல் நிறைந்த சாலையும், சற்றுத் தள்ளிக் கோட்டபள்ளி நீர்த்தேக்கமும் உண்டு. ஏற்றங்கள் சிறியவை. மூச்சு வாங்கத் தொடங்கும்போதே மேடு முடிந்துவிடும். மலைக்குப் புதியவர் கியரை மாற்றிப் பழகவும், நின்று மிதிக்கலாமா உட்கார்ந்து மிதிக்கலாமா என்று தன் உடம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இதைவிடப் பொருத்தமான இடம் நகருக்கு அருகில் இல்லை.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. மொய்னாபாத், சேவெள்ளா வழியாகப் போகும் பழைய பிஜாப்பூர் சாலையில் இருபுறமும் நூற்றுக்கணக்கான ஆலமரங்கள் நிற்கின்றன. சாலையை அகலப்படுத்த அவற்றை வெட்டக் கூடாது என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. மரங்கள் அழகு, நிழல் அருமை. ஆனால் டிப்பர் லாரிகளும் பஸ்களும் உரசிக்கொண்டு போகும் அந்தச் சாலையில் சைக்கிளுக்கு இடம் குறைவு. ஆகவே லிங்கம்பள்ளியிலிருந்து விகாராபாத் வரை ரயிலில் போய், அங்கிருந்து மிதிப்பது நல்லது. பார்சல் பெட்டி உள்ள ரயிலா, சைக்கிளை ஏற்றுவார்களா என்பதை முந்தின நாளே பார்சல் ஆபீசில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீசைலம் வேறு வகை. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் திருப்பருப்பதம் என்று பாடிய தலம் அது. அந்தக் காலத்தில் போனவர்கள் காட்டின் பயத்தைத் தெரிந்துகொண்டே போனார்கள். இன்று தார்ச்சாலை இருக்கிறது. துக்குகூடா, கடத்தல், அமன்கல், டிண்டி வரை பெரும்பாலும் திறந்த வெளியும் பருத்தி வயல்களும். மன்னனூரில் வனத்துறையின் கேட். அதற்கு அப்பால் அம்ராபாத் புலிகள் காப்பகம். கேட் இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறக்கும். உள்ளே செஞ்சு மக்களின் குடியிருப்புகள் சில. நெடுந்தூரம் கடை கிடையாது, பல இடங்களில் போனில் சிக்னலும் கிடையாது. வண்டியில் போவோர் தீனி போட்டுப் பழக்கிய குரங்குகள் சாலை நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். பையில் தின்பண்டம் தொங்கினால் ஓடும் சைக்கிளையும் விடாது.

200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தவர், ஸ்ரீசைலமும் அதே கணக்குத்தான் என்று நினைப்பது இயல்பு. அப்படி முடிப்பது சாமானியமல்ல. அதற்குக் கிடைத்த மெடலை வீட்டில் பார்க்காதவர் இல்லை. ஆனால் அது சமவெளிக் கணக்கு. விடியற்காலை நகரை விட்டுக் கிளம்பினாலும் மன்னனூரை அடையும்போது 140 கிலோமீட்டர் கால்களில் ஏறியிருக்கும். அதற்குப் பிறகுதான் காடு, ஏற்றம், அணைக்கட்டுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகள். மிகவும் களைத்த உடம்போடு, மங்கும் வெளிச்சத்தில், வழியிலேயே மிகக் கடினமான பகுதிக்குள் நுழைவது என்பதே ஒரே நாளில் போகும் திட்டத்தின் பொருள். போகத்தான் வேண்டும் என்றால் மன்னனூரில் இரவு தங்கி, காலையில் கேட் திறந்ததும் கிளம்புவதே முறை.

இங்கே ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். மலைப் பயணம் என்றதும் எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் தயாராகிறார்கள். எத்தனை பல் சக்கரம், எத்தனை கியர், தொடைக்கு என்ன பயிற்சி என்று மாதக் கணக்கில் பேச்சு. ஏற்றம் யாரையும் கொல்வதில்லை. முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது.

ஆளும் சைக்கிளும் சாமான்களும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 300 மீட்டர் உயரம் சீரான வேகத்தில் இறங்கினால் சுமார் 2,35,000 ஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். மெதுவாக இறங்கும்போது காற்று வாங்கிக்கொள்வது சொற்பம். மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிறது. முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால் ரிம் கொதித்து, டியூபில் காற்றழுத்தம் கூடி, டயர் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கில் கட்டைகள் வழவழத்துப் பிடிமானம் தளரும். வேகம் இரட்டித்தால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும் என்பதும் இதோடு சேர்கிறது.

அதனால் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வரக் கூடாது. விட்டு விட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் ஓரத்து மணலில் சக்கரம் வழுக்கும். உடம்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி, நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்றே கொஞ்சம் பிரேக் போடும். நீண்ட இறக்கத்தில் நடுவில் நின்று ரிம் ஆறும்வரை காத்திருப்பதில் எந்த அவமானமும் இல்லை.

குன்னூர் இறக்கத்தில் சின்னத் தாத்தாவுக்கு நடந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேகமாக ஓட்டினார், விழுந்தார் என்றே இன்றுவரை பேச்சு. பாட்டியும் கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். ஆனால் அவருடைய ராட் பிரேக் சைக்கிள் திரும்பி வந்தபோது முன் கட்டையில் ரப்பர் அறவே தேய்ந்து, அதைத் தாங்கும் இரும்பு ரிம்மில் கோடு கிழித்திருந்தது. முந்தின வாரம்தான் ஒரு கடையில் சர்வீஸ் செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கொடுத்திருந்தார்கள். கடைக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாலிபனின் திமிர் என்று பழியைச் சின்னத் தாத்தாமேல் போட்டார்கள். காலை இழுத்து நடந்தபடியே அவரும் அதைச் சுமந்தார். அது நியாயமல்ல. கடைக்காரர் சொன்னதை நம்பி மலை இறங்கக் கூடாது என்பது அன்றிலிருந்து மாமா விடாமல் சொல்லிவருவது.

பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிரேக் லீவரை முழுக்க அழுத்தினால் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. ரப்பர் கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் அழிந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். லீவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளின் ஓர் இழை பிரிந்திருந்தாலும் கேபிளையே மாற்ற வேண்டும். சாமானை முதுகில் சுமக்காமல், கேரியரின் இருபுறமும் தாழ்வாக, சமமாகத் தொங்கவிட வேண்டும்.

பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச்சுக்கு மேல் வெயில் தாங்காது. மழைக்காலத்தில் வளைவுகளில் பாசி. கார்த்திகை மாதத்திலும் சிவராத்திரியிலும் ஸ்ரீசைலச் சாலை வண்டிகளால் நிறைந்துவிடும்.

தனியாகப் போவதா, துணையோடா என்ற கேள்விக்கு அனந்தகிரியில் இரண்டு விடையும் பொருந்தும். நல்லமலையில் ஒரே விடைதான். சிக்னல் இல்லாத காட்டில் மணிக்கட்டு முறிந்தால், அடுத்த வண்டியை நிறுத்தக் கூட இன்னொரு ஆள் வேண்டும். அக்கா இரவு தூங்காமல் உட்கார்ந்திருப்பாள் என்பதும் ஒரு காரணம்தான். இந்த ஆண்டு அனந்தகிரி, அடுத்த ஆண்டு நாலு பேரோடு ஸ்ரீசைலம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்படியும் மனம் ஸ்ரீசைலத்திலேயே நின்றால் மாமாவுக்குக் கோபம் கிடையாது. குடும்பத்தில் இவ்வளவு தூரம் மிதித்தவர் வேறு யாரும் இல்லை. அதில் மாமாவுக்கு உள்ள பெருமை ஊருக்கே தெரியும். புது பிரேக் கட்டைகளுக்கும் கேபிளுக்கும் முன்விளக்குக்கும் பணம் மாமாவுடையது. நல்ல கேரியர் பை கண்ணில் பட்டால் அதையும் வாங்கிவிடலாம், விலை பார்க்க வேண்டாம். மாமி புளியோதரையும் தயிர் சாதமும் கட்டித் தருவாள். மன்னனூர் வரை காரில் பின்னாலேயே வரவும் மாமா தயார். தொந்தரவு என்றால் சொல்லிவிடலாம், வீட்டிலேயே போனுக்குக் காத்திருக்கவும் தயார்.

இப்படிக்கு,
மாமா