பெயர் இல்லாத மீனும் எங்க ஊர் கண்மாயும்



கடலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பேர் போன கோவில்பட்டியில் இருந்துகொண்டு, அதுவும் மின்னியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன், மீனைப் பற்றி எழுதுகிறானே என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். நம் பாடத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

எங்க ஊர் கரிசல் காட்டு ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகும். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மறுபடி தண்ணி வந்த சில வாரங்களில் அயிரையும் கெளுத்தியும் விராலும் எங்கிருந்தோ வந்துவிடும். "மழையோட வானத்துல இருந்து விழுகுதுடா" என்பாள் அப்பத்தா. உண்மையில் அயிரை சகதிக்குள் புதைந்து கிடக்கும். விராலும் கெளுத்தியும் காற்றையே சுவாசிக்கக் கூடியவை என்பதால் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தாக்குப் பிடிக்கும். மற்றவை மறுகால் ஓடைகள் வழியாக ஒரு கண்மாயிலிருந்து இன்னொரு கண்மாய்க்கு ஏறும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா கண்மாய் மீன் குத்தகை எடுத்தார். ஒரு வியாபாரி "நாட்டுக் கெளுத்திக் குஞ்சு" என்று சொல்லி வேனில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். தண்ணி வற்றி வலை போட்டபோது கிலோ கிலோவாய்க் கருத்த கெளுத்தி. விரால் ஒன்றுகூட இல்லை. அயிரை சுத்தமாய் இல்லை. மார்க்கெட்டில் "இது ஆப்பிரிக்கா மீன், வேண்டாம்" என்று தள்ளிவிட்டார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதை இந்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. அது மற்ற மீன்களையும் குஞ்சுகளையும் தின்று தீர்க்கும். சித்தப்பாவோ "குஞ்சுல எல்லாக் கெளுத்தியும் ஒண்ணுபோலத்தானடா இருக்கு, எனக்கென்ன தெரியும்?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை.

பதில் தேடிப் போனபோதுதான் ஒரு பெரிய மீனின் கதை கிடைத்தது.

காவிரியில் கூன்முதுகு மகசீர் என்று ஒரு மீன் உண்டு. கெண்டைக் குடும்பம்தான், ஆனால் 50 கிலோவைத் தாண்டி வளரும். 1873ல் தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி தூண்டில் மீன்பிடிப்பு பற்றி எழுதிய புத்தகத்திலேயே தென்னாட்டு மகசீரைப் புகழ்ந்திருக்கிறார். 1946ல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு. இவ்வளவு புகழ் இருந்தும், 2018 வரை அதற்கு உறுதியான அறிவியல் பெயர் கிடையாது! ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவனுக்கு அரிசி இல்லை என்கிற கதைதான். பெயர் தீராத மீனை அழிந்துவரும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

இதற்கிடையே நீலத்துடுப்பு மகசீர் என்ற வேறு இனத்தை லோனாவாலாவில் குஞ்சு பொரிக்க வைத்து, நல்ல எண்ணத்தோடுதான், காவிரியிலும் விட்டார்கள். 1998 முதல் 2012 வரையிலான தூண்டில்காரர்களின் பதிவுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் ஆகியோர் அலசி 2015ல் வெளியிட்டார்கள். நீலத்துடுப்பு பெருகிக்கொண்டே போக, கூன்முதுகு சரிந்துகொண்டே வந்தது தெரிந்தது. எங்க கண்மாய்க் கதையேதான், ஆறு மட்டும்தான் பெரிசு.

பிறகு இங்கிலாந்தின் போர்ன்மவுத் பல்கலைக்கழகப் பிண்டர், கொச்சி மீன்வளப் பல்கலைக்கழக ராகவன், அப்போது புனே ஐசரில் இருந்த நீலேஷ் தஹானுகர், நம் கோவை பாரதியார் பல்கலைக்கழக மணிமேகலன் முதலியோர் சேர்ந்தார்கள். பவானியில் சேரும் மோயாற்றில் கூன்முதுகு மீன்களின் மாதிரி எடுத்து, அவற்றின் டிஎன்ஏவைப் படித்தார்கள். கேரளத்தில் குருப், ராதாகிருஷ்ணன் இருவரும் பாம்பாற்றுச் சின்ன மீன்களை வைத்து முன்பே பெயரிட்டிருந்த 'டார் ரெமாதேவி'யோடு அது பொருந்திப் போனது. பாம்பாறும் கிழக்கே ஓடி அமராவதி வழியாகக் காவிரியில் சேர்வதுதான். 2018 ஜூனில் கட்டுரை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'மிகவும் அருகிவிட்டது' என்று சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயரில் இருக்கும் ரெமாதேவி, சென்னை விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீன் அறிஞர். நம் களக்காட்டின் பெயரால் ஒரு கல்நக்கி மீனை 1993ல் விவரித்தவரும் அவரே.

இனி நம் பாடத்துக்கு வருவோம். டிஎன்ஏ என்பது நான்கே எழுத்துக்களால் ஆன நீண்ட சரம். ஒரு துடுப்புத் துண்டில் இருப்பது மிகக் கொஞ்சம், படிக்கப் போதாது. அதைப் பெருக்கும் முறையைக் காரி மல்லிஸ் 1983ல் கண்டுபிடித்து 1993ல் நோபல் பரிசு பெற்றார். அந்த மெஷினைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த சமாச்சாரம்தான்: சூடாக்கியும் குளிர்வித்தும் தரும் ஓர் உலோகக் கட்டை, வெப்ப உணரி, கன்ட்ரோலர். 95 டிகிரியில் இரட்டைச் சரம் பிரியும். 55 டிகிரி அளவில் தொடக்கத் துணுக்கு ஒட்டும். 72 டிகிரியில் நொதி புதுச் சரத்தை நெய்யும். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. 30 சுற்று ஓடினால் ஒன்று, ஏறக்குறைய 107 கோடி! கால்குலேட்டரில் இரண்டை முப்பது தடவை பெருக்கிப் பாருங்கள்.

பெருக்கிய துண்டில் ஒரு ஜீனின் சுமார் 650 எழுத்துக்களை மட்டும் படித்தால் போதும், பெரும்பாலான மீன் இனங்களைப் பிரித்துவிடலாம் என்கிறது 2003ல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்வைத்த முறை. கடைச் சாமானில் கோடு கோடாய் இருக்குமே, பார்கோடு, அதே பெயர்தான் இதற்கும்.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இந்த ஜீன் இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில். அது தாய் வழியாக மட்டும் வருவது. அப்பன் ஆப்பிரிக்கா, அம்மா நாட்டுக் கெளுத்தி என்றால் பார்கோடு "நாட்டுக் கெளுத்தி" என்று சத்தியம் செய்யும்! கலப்பைப் பிடிக்க உட்கரு ஜீன்களையும் பார்க்க வேண்டும். அதனால்தான் முழு மரபுத்தொகுதியைப் படிக்கும் வேலை. நாம் சாப்பிடும் ரோகுவுக்கு 2020ல் புவனேஸ்வர் நன்னீர் மீன் ஆய்வு நிறுவனத்தார் அதை வெளியிட்டார்கள். ரோகுவுக்கு 50 குரோமோசோம், மகசீருக்கோ 100. எப்போதோ மொத்தத் தொகுதியும் இரட்டித்த பரம்பரை. எல்லாமே இரண்டிரண்டாய்க் கிடந்தால் எந்த எழுத்து எந்தப் பிரதிக்குரியது என்று பிரிப்பது பெரும்பாடு.

தெரிந்த அக்கா ஒருவர் விலங்கியல் ஆராய்ச்சி செய்கிறார். "வாலை நறுக்கி ஸ்பிரிட்ல போட்டுக் குடு, பார்ப்போம்" என்றார். போன வருஷம் கொடுத்த மூன்று துண்டுகளில் இரண்டு, சந்தேகமே இல்லாமல் ஆப்பிரிக்கா. மூன்றாவது நாட்டுக் கெளுத்தி என்று வந்தது. நான் துள்ளிக் குதித்தேன். அக்காதான் அம்மா வழி விஷயத்தைச் சொல்லி உட்கார வைத்தார்.

நம் ஊர்க் குழாயில் வருவது சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணி. அந்த ஆற்றின் பெயரையே சுமக்கும் ஒரு கெண்டையை 1954ல் சைலஸ் விவரித்தார். அதைப் பார்க்க ஒருநாள் சைக்கிளிலேயே போகணும்னு ஆசை. அதற்கு முன் கண்மாய் வேலை பாக்கி இருக்கிறது. சித்தப்பா இந்த வருஷம் குஞ்சு எதுவும் விடவில்லை. "தானா வர்றது வரட்டும்" என்கிறார். கார்த்திகை மழைக்குப் பிறகு மறுகால் ஓடையில் துண்டை விரித்து அலசினோம். அயிரை பதினொன்று, கெளுத்தி ஐந்து. அயிரையைத் திரும்ப விட்டுவிட்டோம். கெளுத்தியின் துடுப்பு நுனிகள் ஐந்து சின்னச் சீசாக்களில் என் ஹாஸ்டல் அலமாரியில் இருக்கின்றன. பொங்கல் லீவுக்கு அக்கா வரும்போது கொடுக்கணும்.