பிரிவு 312: பாதி மட்டும் படித்தவர்களுக்கு

"மலேசியாவில் கருவைக் கலைத்தால் ஜெயில்தான். டாக்டரும் உள்ளே, கூட்டிக்கொண்டு போனவரும் உள்ளே." பினாங்கு ஸ்ட்ரீட் சாப்பாட்டுக் கடையில் கேட்டிருக்கிறேன், கல்யாண மண்டபத்தில் கேட்டிருக்கிறேன், கோர்ட்டு வாசலில்கூடக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் படிக்காதவர்கள் என்று நினைக்காதீர்கள். அண்மையில் என்னிடம் அடித்துச் சொன்னவர் ஓர் ஆசிரியை. "எந்தப் பிரிவில் இருக்கிறது டீச்சர்?" என்று கேட்டேன். "அதான் எல்லாருக்கும் தெரியுமே" என்றார். வழக்கறிஞர் தொழிலில் இருப்பவளுக்கு இதைவிட எரிச்சலூட்டும் பதில் கிடையாது.

பிரிவை நானே சொல்கிறேன். தண்டனைச் சட்டத்தொகுப்பு, 312. கருவைச் சிதைப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடக்கம் என்று அதன் விளக்கம் சொல்கிறது. டீச்சரின் அறிவு இதோடு முடிகிறது. சட்டம் முடியவில்லை. அதற்கு அடியில் 1989இல் ஒரு விதிவிலக்கு சேர்த்தார்கள். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற டாக்டர் ஒருவர், கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து, அல்லது அவள் உடல்நலமோ மனநலமோ கெடும், கலைப்பதைவிடத் தொடர்வதில்தான் கேடு அதிகம் என்று நன்னம்பிக்கையோடு கருதிக் கலைத்தால், அது இந்தப் பிரிவில் குற்றமே அல்ல. மனநலம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அது அங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உடனே சிலர் மறுகோடிக்குத் தாவுவார்கள்: "அப்படியென்றால் கேட்டால் செய்து கொடுக்க வேண்டும்தானே?" இல்லை. இது டாக்டருக்குத் தந்த பாதுகாப்பு, பெண்ணுக்குத் தந்த உரிமை அல்ல. வறுமை, பாலியல் வன்கொடுமை, கருவில் குறைபாடு என்று எதுவும் தனிக் காரணமாக அங்கே எழுதப்படவில்லை. எல்லாமே தாயின் உடல்நலம், மனநலம் என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். நன்னம்பிக்கை என்பதும் வாய்ப்பேச்சு அல்ல. இந்த விதிவிலக்கு வருவதற்கு முன்பு, 1985இல் சட்ட அறிக்கைகளில் வெளியான வழக்கு ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் நம்மவர், ஒரு தமிழ் டாக்டர். நோயாளியின் நரம்புச்சுருட்டலால் உயிருக்கே ஆபத்து என்று வாதாடினார். அதை உறுதிப்படுத்திக்கொள்ளப் போதிய பரிசோதனை செய்யவில்லை என்று உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. இன்றைய டாக்டர்களுக்கும் அதே பாடம்தான்: என்ன பார்த்தீர்கள், ஏன் முடிவெடுத்தீர்கள் என்று நோயாளியின் அட்டையில் நாலு வரி எழுதி வையுங்கள். எழுதச் சோம்பல்பட்டுவிட்டு "சட்டம் விடாது" என்று பெண்ணைத் திருப்பி அனுப்பும் கிளினிக்குகளை எனக்குத் தெரியும்.

"சரி, அந்த நேபாளப் பெண்ணை உள்ளே போட்டார்களே?" வதந்திக்காரர்கள் கையில் வைத்திருக்கும் ஒரே துருப்பு இது. நடந்ததும் நம் பினாங்கு மாநிலத்தில்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2014 அக்டோபரில் புக்கிட் மெர்தாஜாம் கிளினிக் ஒன்றில் சோதனை நடந்தது. அங்கிருந்த நேபாளத் தொழிலாளி, வயது 24, கைதானாள். ஆறு வாரக் கரு என்று அப்போது செய்தி வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளி கர்ப்பமானால் மருத்துவச் சோதனையில் தோல்வி, வேலை அனுமதி ரத்து, ஊருக்கு விமானம். அவள் ஏன் கிளினிக் படியேறினாள் என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

அவள் மீது சுமத்தியது 312 அல்ல, 315. குழந்தை உயிரோடு பிறக்கவிடாமல் தடுக்கும் செயலுக்கான பிரிவு அது, தண்டனை பத்து ஆண்டு வரை. 1989இல் வந்த உடல்நல, மனநல விதிவிலக்கு 312இல் மட்டும்தான் இருக்கிறது. 315இல் தாயின் உயிரைக் காப்பாற்ற என்ற ஒரே காரணம்தான். ஆறு வாரக் கருவுக்கு இந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும் என்று கேட்க அவள் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இல்லை. செஷன்ஸ் நீதிமன்றம் ஓராண்டுச் சிறை என்றது. பிறகுதான் பெண்கள் அமைப்புகள் தலையிட்டன, மேல்முறையீடு போனது. 2015 ஜனவரியில் பினாங்கு உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. கைதானது ஊர் முழுக்கத் தெரியும். ரத்தானது எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த முறை இந்த வழக்கை உதாரணம் காட்டுகிறவரிடம் ஜனவரியில் என்ன நடந்தது என்று கேளுங்கள், முழிப்பார்.

இந்த வதந்தியால் லாபம் யாருக்கு என்றும் பாருங்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ்" என்று நம்புகிற பெண் டெலிகிராமில் மாத்திரை தேடுகிறாள். மைஃபெப்ரிஸ்டோன் நம் நாட்டில் பதிவே பெறாத மருந்து. உறையில் வருவது அதுதானா, சுண்ணாம்புத் தூளா என்று விற்கிறவனுக்கே தெரியாது. பிறகு ரத்தம் நிற்காது, காய்ச்சல் ஏறும், அப்போதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். ரத்தம் நிற்கவில்லை என்றால் கிளம்புங்கள். சட்டத்தைப் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மற்ற வதந்திகளை வேகமாக முடித்துவிடுகிறேன்.

"மூன்று மாதத்துக்குமேல் சட்டப்படி முடியாது." 312இல் வாரக் கணக்கே கிடையாது. அரசு மருத்துவமனைகளுக்குச் சுகாதார அமைச்சு 2012இல் தந்த வழிகாட்டியில் 22 வாரக் கணக்கு இருக்கிறது, இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. தேசிய ஃபத்வா மன்றம் சொல்லும் 120 நாள் முஸ்லிம்களுக்கான மார்க்க வழிகாட்டல். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் வருவதுதான் உங்கள் மூன்று மாதம். ஆனால் தள்ளிப்போடப் போட உடலுக்குச் சிரமம் கூடும் என்பது உண்மை. அதனால் ஜோசியரிடம் நாள் கேட்டு வாரங்களைத் தொலைக்காதீர்கள்.

"புருஷன் கையெழுத்து இல்லாமல் நடக்காது." விதிவிலக்கை மேலும் கீழும் படித்தேன், புருஷன் அதில் இல்லை. சில மருத்துவமனைகள் கேட்கின்றன, அது அவர்கள் ஏற்பாடு. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும், அது வேறு விஷயம்.

"ஒரு தடவை கலைத்தால் மலடு. மார்பில் புற்று வரும்." இது என் துறை அல்ல. முறையாகச் செய்தால் பிற்காலப் பிள்ளைப்பேறு பாதிக்காது என்று எந்த மகப்பேறு டாக்டரும் சொல்வார். புற்றுநோய்க் கதையை டென்மார்க்கில் 15 லட்சம் பெண்களின் பதிவுகளை வைத்து 1997லேயே புதைத்துவிட்டார்கள். பப்பாளிக்காய், அன்னாசி வைத்தியம் பற்றிக் கேட்காதீர்கள், பழத்தைப் பழமாகச் சாப்பிடுங்கள்.

"இந்தியாவில் 24 வாரம் வரை அனுமதி, ஸ்கேனில் ஆணா பெண்ணா சொன்னால் குற்றம்." இரண்டும் அங்கே. கருவின் பாலினம் சொல்லத் தடை போட்டது இந்தியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம், இங்கே டாக்டரே சிரித்துக்கொண்டு சொல்வார். சென்னை சித்தி அனுப்பும் வாட்ஸ்அப் தகவலை வைத்து ஜார்ஜ் டவுனில் வாதாடாதீர்கள். வேர் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். வெள்ளைக்காரன் 1860இல் இந்தியாவுக்கு எழுதியதை 1872இல் நீரிணைக் குடியேற்றங்களிலும் அமல்படுத்தினான், 312 என்ற எண்கூட மாறவில்லை. இந்தியா 1971இல் தனிச் சட்டம் போட்டு விலகிக்கொண்டது, சிங்கப்பூரும் தனிச் சட்டம் போட்டது. இலங்கையில் இன்னும் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான். நாம் நடுவில் நிற்கிறோம்.

"அப்போ பாவம் இல்லையா?" இதை என்னிடம் கேட்டுப் பயனில்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரு பதில் உண்டு, நம் தர்ம சாஸ்திரங்கள் ப்ரூணஹத்தியை, அதாவது கருக்கொலையை, கடுமையாகவே கண்டிக்கின்றன. கரு எப்போது உயிராகிறது என்று நம்பிக்கையோடு பேசுகிறவர்களை நான் மதிக்கிறேன், பெண்ணின் உடல் அவளுடையது என்கிறவர்களையும் மதிக்கிறேன். தன் நம்பிக்கைக்குப் பிரிவு எண் ஒட்டி, "சட்டமே இப்படித்தான்" என்று பதினேழு வயதுப் பிள்ளையை மிரட்டுகிற பெரிய மனிதர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்படி மிரண்ட பிள்ளை கழிவறையில் பெற்றுக் குப்பைத் தொட்டியில் வைத்தால், அதற்குத் தண்டனை தரத் தனித்தனிப் பிரிவுகள் காத்திருக்கின்றன: 317, 318, 309ஏ.

கடைசியாக என் பழைய புலம்பல். கீழ்க்கோர்ட்டில் குற்றச்சாட்டு வாசிப்பதை ஒரு நாள் போய்ப் பாருங்கள். மலாயில் மளமளவென்று படிப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று முணுமுணுப்பார். "ஃபாஹாம்?" (புரிந்ததா?) என்று கேட்டதும் கூண்டில் நிற்பவர் தலையாட்டுவார். பயத்தில் ஆட்டிய தலையா, புரிந்து ஆட்டிய தலையா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த கோப்பு வந்துவிடும். கைதானால் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. போலீஸ் ஸ்டேஷனிலேயே கேளுங்கள். வழக்கறிஞர் வரும்வரை குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள், "ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்று யார் சொன்னாலும் சரி. தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இதற்காகவே இலவசமாக ஆள் அனுப்புகிறது. ஆனால் அது ஏற்படுத்தப்பட்டது மலேசியக் குடிமக்களுக்காக. பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலைகளை ஓட்டுகிற நேபாளிக்கும் வங்காளதேசிக்கும் பெரியவர்கள் என்றால் அதில் இடமில்லை. புக்கிட் மெர்தாஜாம் பெண்ணும் அப்படித்தான் தனியாக நின்றாள். அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி வழக்கறிஞர் மன்றக் கூட்டங்களில் நான் எழுந்தாலே பக்கத்து நாற்காலிக்காரர் கடிகாரம் பார்க்கிறார். பார்க்கட்டும், அடுத்த கூட்டத்திலும் எழுந்திருப்பேன்.