இரவு எட்டரைக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போங்கள்

ஆட்டிசக் குழந்தைகளுக்கான தெரபி சென்டரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? பேச்சு, கவனம், பிடிவாதம் என்று பெற்றோர் வரிசையாகச் சொல்வார்கள். கிளம்பும்போதுதான் வாசலில் நின்று, "ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறான் மேடம்" என்பார்கள். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கச் சிக்கல் உண்டு. இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளையிடம் காலையில் எந்தப் பயிற்சியும் ஏறாது.

உடனே யோசனை சொல்லிவிடாதீர்கள். குறட்டை, மலச்சிக்கல், வலிப்பு, இரும்புச்சத்துக் குறைவு, சாப்பிடும் மாத்திரை என எதுவும் தூக்கத்தைக் கெடுக்கலாம். முதலில் குழந்தை மருத்துவர் பார்க்கட்டும். அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: பிற காரணங்களைக் கவனி, நடத்தைப் பயிற்சியைக் கொடு, அதில் சரியாகாவிட்டால் மெலடோனின் மாத்திரை. அந்த மாத்திரையைப் பற்றிப் பெற்றோர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர், நீங்கள் அல்ல.

இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். படுத்த நேரம், தூங்கிய நேரம், நடுவில் விழித்தது, காலையில் எழுந்தது, பகல் தூக்கம் ஆகியவை போதும். பிறகு, சென்டரில் அனுமதி வாங்கி, இரவு எட்டரைக்கு அந்த வீட்டுக்குப் போங்கள். ஒரே அறையில் நான்கு பேருக்குப் பாய். டியூப் லைட் எரிகிறது, பாட்டி சீரியல் பார்க்கிறார். பிள்ளைக்குக் கண் சொருகும் நேரத்தில், ஒன்பதே முக்காலுக்கு அப்பாவின் பைக் சத்தம். துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடுகிறான். உங்கள் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. இந்த வீட்டில் "ஒன்பது மணிக்குப் படுக்க வையுங்கள்" என்றால் யாரால் முடியும்?

அவன் உண்மையில் தூங்குவது பதினொன்றரைக்கு என்றால், இப்போதைக்கு அதையே படுக்கும் நேரமாக வையுங்கள். காலையில் எழுப்பும் நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாறக்கூடாது. படுத்த கால் மணி நேரத்துக்குள் சில இரவுகள் தொடர்ந்து தூங்கிவிட்டால், படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். கூடவே பல் துலக்குவது, உடை மாற்றுவது, தண்ணீர் குடிப்பது, விளக்கை அணைப்பது என நான்கு படங்களை ஒட்டி வையுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே பிய்த்து டப்பாவில் போடட்டும். அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் இந்தக் குழந்தைகளின் பதற்றம் பெரிதும் தணியும்.

அழுதாலும் எடுக்காமல் விடும் முறையும் உண்டு. அதில் அழுகை குறைவதற்கு முன் சில இரவுகள் கூடும். இதை முன்கூட்டியே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் பாட்டி மனம் பொறுக்காமல் தூக்கிக்கொண்டால், இன்னும் சத்தமாக அழ வேண்டும் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்வான். கூட்டுக் குடும்பத்தில் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் தள்ளி உட்காருவதே அங்கே தாக்குப்பிடிக்கும்.

வேலை விஷயமாக இரண்டு சொல்கிறேன். 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி உங்கள் படிப்புக்குரிய பதிவைப் பெற்று, ஆண்டு தவறாமல் பயிற்சி வகுப்புகளுக்குப் போய், உரிய காலத்தில் புதுப்பித்து வையுங்கள். மாலை வீட்டு வருகைக்கான நேரமும் பயணப்படியும் வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் இருக்கட்டும். அடுத்த நேர்காணலுக்குப் போகும்போது, பெற்றோர் சம்மதத்தோடு பெயர் நீக்கிய இரண்டு தூக்கக் குறிப்புகளை எடுத்துச் செல்லுங்கள்: ஒன்று முதல் வாரத்தது, இன்னொன்று எட்டாம் வாரத்தில் மீண்டும் எழுதியது.